பாம்பு வால் போட்ட கிட்டார்

ஸ்ப்ரூஸ் ஓடை, வர்ஜீனியா
மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடக்கும் ஒரு திங்கட்கிழமை

அன்பு மகள் லியானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் நாய் பிஸ்கட்டும் பதினைந்து கிட்டார்களும் சுகம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மருமகன் ரூபெனும் என் பேத்தி ஹேசல் தங்கமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நீ எழுதும் வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லை. பதினைந்தா என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. கிறிஸ்துமஸுக்குப் பதினான்குதானே இருந்தது என்பாய். பொறு கண்ணு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா படுக்கையறைப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுவிடுகிறார். நான் கேட்கவே இல்லை என்று சத்தியம் செய்வார், ஆனால் நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், "அது அப்படி இல்லடி ஆர்டித்" என்று நடுவில் புகுந்துவிடுவார். கடிதத்தில் புக முடியாது பார்.

கிறிஸ்துமஸ் அன்று வயிற்றில் பிள்ளையோடு நீ பேசினாயே, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஈஸ்டருக்குக் குழந்தையோடு வருகிறோம், ஆனால் நெடுஞ்சாலை மோட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்றாய். "என் ரூம்தான் கிட்டாருங்களுக்குப் போயிருச்சே, புள்ளைய எங்கம்மா போடறது, கிட்டார் பெட்டியிலயா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையறைப் போனில் மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றதை நீ கவனித்தாயோ என்னவோ. உன் அப்பா போய் ஒவ்வொரு கிட்டார் பெட்டியாகத் திறந்து, மரம் காயாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் ஓட்டை போட்ட சோப்பு டப்பாக்களை எடுத்து, ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து திரும்ப வைத்தார். அன்று காலையில்தான் எல்லாவற்றையும் நனைத்து வைத்திருந்தார். மனசு சரியில்லை என்றால் அவர் அப்படித்தான், செய்த வேலையையே இன்னொரு தரம் செய்வார். பெற்ற பெண் சொந்த வீட்டுக்கு வந்து மோட்டலில் தங்கினால் எனக்கு இந்த ஓடைப் பக்கம் தலை காட்ட முடியாது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், குழந்தை நடு ராத்திரி அழும்போது அடுத்த அறையில் நான் இல்லாமல் மோட்டல் சுவரா தூக்கிக்கொள்ளும்?

ரூமைக் காலி செய்கிறேன் என்று அவர் மறுநாளே சொல்லிவிட்டார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஜனவரி முழுக்க நடந்தார். முன்னறையில் விறகு அடுப்பு, மரம் காய்ந்து வெடித்துவிடும். நிலவறையில் ஈரம், ஒட்டு விட்டுப்போகும். மேல்மாடத்தில் உறைபனி. கொட்டகையில் எலி. ஈரம் காட்டும் அந்த வட்டக் கருவியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். என் சமையலறையில் நின்று பார்த்துவிட்டு, பீன்ஸ் வேகவைப்பதை நிறுத்தினால் இந்த இடம் தேவலை என்றார். முப்பது வருஷமாகக் கோபத்தை அடக்கிப் பழகியவள் என்பதால் கரண்டி என் கையிலேயே இருந்தது. இதற்கு நடுவில்தான் பதினைந்தாவது வந்து சேர்ந்தது. கென்டக்கியில் ஒரு வயசான விவசாயி காலமாகிவிட்டாராம், அவர் கிட்டார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செய்ததாம், கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். "வாங்கலடி, காப்பாத்தறேன்" என்றார். பதினான்கையும் இப்படித்தான் காப்பாற்றினார். இந்த வீட்டில் அவரிடமிருந்து என்னைக் காப்பாற்றத்தான் ஆள் இல்லை.

அதை எடுத்துவர உன் ஹோபர்ட் சித்தப்பாவை அனுப்பினார். போகும்போது வேதவாக்கு மாதிரி கட்டளை கொடுத்தார்: பெட்டியை வண்டிக்குப் பின்னால் போடக் கூடாது, பக்கத்து இருக்கையில் வைத்துப் பெல்ட் போட வேண்டும், வண்டிக்குள் ஹீட்டர் போடவே கூடாது, குளிர்ந்த மரத்துக்குத் திடீரென்று சூடு ஆகாது. பாவம் ஹோபர்ட், பிப்ரவரிப் பனியில் மலை ஏறி இறங்கி வந்து சேர்ந்தபோது மீசையில் பனிக்கட்டி தொங்கியது. கிட்டார் பெட்டிக்குத் தன் கோட்டைப் போர்த்தியிருந்தார், அதுவும் கட்டளைதான். பெட்டியைத் துணிக்கொடிக் கயிற்றால் கட்டியிருந்தது, ஒரு மூலை கடிபட்டு ஓட்டையாக இருந்தது. உன் அப்பா அதைச் சமையலறையில் அடுப்புக்கு எட்டத்தில் வைத்து, என் கல்யாண மெத்தைவிரிப்பை எடுத்து மேலே போர்த்தி, "நாளைக்கு இதே நேரம் வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது" என்றார். அவருடைய சட்டம் உனக்குத் தெரியும். குளிரிலிருந்து வந்த கிட்டாரைப் பெட்டியோடு ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் வார்னிஷ் வறண்ட குளம் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். உனக்கு அம்மை போட்டபோதுகூட அவர் இந்த விரிப்பை எடுத்துக் கொடுத்ததில்லை, சொல்லிவைக்கிறேன்.

ஹோபர்ட் காப்பிக்காக உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஓபல் அத்தை முட்டை கொண்டு வந்தவள் (அவள் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதைப் பற்றி யார் கேட்டாலும் காட்டுகிறாள், நீ கேட்காதே) அவளும் உட்கார்ந்தாள். பிஸ்கட் போய்ப் பெட்டியை மோந்து பார்த்து உறுமியது. உள்ளேயிருந்து கிலுகிலு என்று ஒரு சத்தம். லியானா, கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டுகிற சத்தம் அது, இந்த மலையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும், இங்கே இருந்த படை உன் அப்பாவை விட்டால் மூன்று பேர். ஹோபர்ட் சாப்பாட்டு மேஜைமேல் ஏறியதை நான் பார்க்கவே இல்லை, ஏறி நின்றதைத்தான் பார்த்தேன், அந்த உடம்போடு. "அண்ணே, இத்தன தூரம் அதுக்குப் பெல்ட்டு போட்டுக் கூட்டியாந்தேனே அண்ணே, என் கோட்ட வேற போத்தினேனே" என்று அழாத குறை. ஓபலுக்கு முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பதே மறந்துபோய்ப் போன் வரைக்கும் ஓடினாள். பாஸ்டர் கிரேடி களைக்கொட்டோடு வந்து நின்றார். வந்ததுமே சொல்லிவிட்டார், "நம்ம சபை பாம்பத் தூக்கற சபை இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன்." மலைக்கு அந்தப் பக்கம் ஆராதனையில் விஷப் பாம்பைக் கையில் எடுக்கிறார்களே, அந்தக் கூட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

உன் அப்பா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். "அட, பாம்பு இல்லய்யா, பாம்பு வாலு. பழைய ஆளுங்க கிட்டாருக்குள்ள வால் கிலுக்க வெட்டிப் போட்டு வைப்பாங்க, தெரியாதா. சத்தம் இனிக்கும், எலி கிட்டயே வராது" என்றார். தெரியாமல் என்ன, என் சொந்தத் தாய்மாமன் வயலினுக்குள்ளேயே ஒன்று கிடந்தது. ஆனால் பாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றியது. "சரி டெல்மர் அண்ணே, வாலு சரி. பாம்பு இல்லாத வால ஆட்டறது யாரு?" உன் அப்பா கொஞ்சம் யோசித்தார். வண்டியில் ஆடிய ஆட்டம் இன்னும் அடங்கியிருக்காது என்றார். அப்போது மறுபடி கிலுகிலு. ஹோபர்ட் மேஜைமேல் இன்னும் உயரமாக நிற்கப் பார்த்தார். திறந்து பாருங்கள் என்றேன் நான். நாளைக்கு இதே நேரம் என்றார் அவர். உள்ளே நிஜப் பாம்பு இருந்தால் என்றேன். "இருந்தா அதுக்கும் மெதுவாத்தான் சூடு ஏறணும்" என்றார். அந்த மெதுவாகச் சூடு ஏறுவதுதானே ஆபத்து, குளிரில் மரத்துக் கிடக்கிற பாம்பை விரிப்புப் போர்த்தி எழுப்புகிற ஒரே குடும்பம் இதுதான் என்று ஓபல் கத்தினாள். சட்டம் சட்டம்தான் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. பாஸ்டரை வைத்துக்கொண்டு கேட்டேன், அந்தக் கிட்டாருக்குள் மூச்சுவிடுகிற ஒரு ஜீவன் இருந்தால் லியானாவின் ரூமைக் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் இனி அந்த ரூமைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன், சம்மதமா என்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பது உன் அப்பாவைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். "பாம்பு என்னடி, வாலு போட்ட கிட்டாருக்குள்ள ஒரு எறும்பு இருந்தாக்கூட காலி பண்றேன்" என்றார். நம் சபையில் பந்தயம் கட்டக் கூடாது என்று பாஸ்டர் தயங்கினார். பிறகு, இது பந்தயம் இல்லை, வாக்குக் கொடுத்தது என்று அவரே தீர்த்துவைத்து, அதற்குச் சாட்சியும் ஆனார். வெறும் வால்தான் என்று ஆகிவிட்டால் நீ மோட்டலுக்குத்தானே போவாய். அந்த ஒரு நாள் முழுக்க, ஆண்டவரே அதற்குள் பாம்பு இருக்கட்டும் என்று ஜெபித்த ஒரே ஸ்திரீ நான்தான்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஓடைப் பக்கம் பாதிச் சனம் எங்கள் சமையலறையில். சபைப் பெண்கள் ஆப்பிள் அடுக்குக் கேக்கோடு வந்துவிட்டார்கள், சாவு வீடோ கல்யாண வீடோ என்று தெரியாமல் பொதுவாக ஒன்று. ஹோபர்ட் நேராக மேஜைமேல் போய் நின்றுகொண்டார். உன் அப்பா கயிற்றை அவிழ்த்து, கொக்கிகளைத் தள்ளி, மூடியைத் தூக்கினார். பாம்பு இல்லை. கிட்டார் இருந்தது. நான் கிட்டாரைக் கண்டால் முகம் சுளிக்கிறவள், ஆனால் அது அழகுதான் லியானா, அதை இல்லை என்றால் பாவம். அந்த விவசாயியின் கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் வார்னிஷ் தேய்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி மினுங்கியது. எல்லோரும் மூச்சைவிட்டார்கள். தோற்றுப்போனேன் என்று நினைத்தது நான் மட்டும்தான். உன் அப்பா டார்ச் விளக்கையும் பல் டாக்டர் வைத்திருப்பாரே அந்தச் சின்னக் கண்ணாடியையும் எடுத்து, நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குள் விட்டு, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று அசையாமல் நின்றுவிட்டார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். பாஸ்டர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லன்னா, டெல்மர் அண்ணே, அது ஏன் என்னயப் பாக்குது?"

ஒரு சுண்டெலி. கூட ஐந்து குஞ்சுகள், ரோஜா நிறத்தில், மயிரும் இல்லை கண்ணும் திறக்கவில்லை. பெட்டியின் உள்பக்க வெல்வெட்டைக் கடித்துப் பஞ்சாக்கி மெத்தை போட்டிருந்தது. எலி கிட்டயே வராது என்றாரே அந்தப் பாம்பு வாலை இழுத்துவந்து மெத்தைக்கு நடுவில் தலையணையாகப் போட்டிருந்தது. குஞ்சுகள் பால் குடிக்க முண்டும்போதெல்லாம் அது கிலுகிலு என்றது. மலையைக் கல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள், நாங்கள் அதற்குப் பாஸ்டரையும் களைக்கொட்டையும் கூட்டி, கேக்கும் வெட்டினோம். உன் அப்பா லேசில் ஒப்புக்கொள்வாரா? முதலில் அந்த எலி என் சமையலறை எலி என்றார். ஒரே ராத்திரியில் ஐந்து பெற்று வெல்வெட் மெத்தையும் தைத்துவிட்டதா என்று ஓபல் கேட்டாள். பிறகு, "கண்ணே தொறக்கலியே, இதெல்லாம் கணக்குல சேராது" என்றார். மூச்சு மூச்சுதான் என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். அப்புறமும் விடவில்லை, காலி பண்ணுவேன் என்றுதான் சொன்னேன், எப்போது என்று சொல்லவில்லையே என்றார். அவர் வக்கீலுக்குப் படித்திருந்தால் நான் மாளிகையில் இருந்திருப்பேன், இல்லாவிட்டால் அவர் ஜெயிலில் இருந்திருப்பார்.

எல்லோரும் போன பிறகு நான் எலிகளை வெளியே போடச் சொன்னேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார், ஜன்னலைப் பார்த்தார், திரும்பி வந்தார். "இந்தப் பனியில பச்சப் புள்ளைங்கள எப்படிடி" என்று சொல்லி, கிட்டாரை மெதுவாகப் பெட்டியிலேயே படுக்க வைத்து, பக்கத்தில் சோள ரொட்டித் துகளும் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்தார். கண் திறந்து ஓடும் வரைக்கும் இருக்கட்டும் என்றார். அதில் விரல் நகம் படக் கூடாது என்கிறவர், பட்டன் வைத்த சட்டையோடு யாரும் அதை மடியில் வைக்கக் கூடாது என்கிறவர், அதற்குள் ஒரு எலிக் குடும்பத்தைக் குடிவைத்தார். அப்போது நான் கத்தவில்லை லியானா. மெதுவாகத்தான் சொன்னேன், ஊர் பேர் தெரியாத எலி பிள்ளையோடு வந்தால் இந்த வீட்டில் வெல்வெட் மெத்தை கிடைக்கிறது, நீங்கள் பெற்ற பெண் பிள்ளையோடு வந்தால் மோட்டல் என்று. காலையில் நான் எழுந்து வரும்போது உன் ரூம் கதவு திறந்திருந்தது, இரண்டு கையிலும் ஒவ்வொரு பெட்டியாகச் சுமந்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

எங்கே வைத்தார் என்று கேட்க மாட்டாயா? எங்கள் படுக்கையறையில். என் பக்கத்தில் எட்டு, அவர் பக்கத்தில் ஆறு. அவர் குறட்டைவிட்டால் என் பக்கத்து எட்டு கிட்டாரும் பெட்டிக்குள்ளிருந்து ஒத்து ஊதுகின்றன, கம்பிகளுக்கு அவர் சுருதி பழகிவிட்டது. அறையில் ஹீட்டர் போடக் கூடாது, கட்டில் காலில் ஈரத் துண்டு தொங்க வேண்டும், நான் ரெண்டு சாக்ஸும் உன் பழைய கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுக்கிறேன். போகட்டும், எனக்கு அது பாட்டாகத்தான் கேட்கிறது. எலிகள் போன வாரம் கண் திறந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டன, பதினைந்தாவது சமையலறையில் இருக்கிறது, நாற்றம் போக ஆறப்போட்டிருக்கிறார்.

உன் ரூமுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. நீ படுத்த தொட்டிலை மேல்மாடத்திலிருந்து இறக்கி, கால் ஆடியதை ஒட்டி, பழைய பெயின்ட்டைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் மதிப்புப் போய்விடும் என்று ஆரம்பித்தார், நான் பார்த்த பார்வையில் சுரண்டிவிட்டார். தொட்டிலுக்கு மேலே அந்த ஈரம் காட்டும் கருவியைத் தொங்கவிட்டிருக்கிறார். டாக்டருக்குப் போன் போட்டுக் குழந்தைக்கு எவ்வளவு ஈரப்பதம் வேண்டும் என்று கேட்டாராம், டாக்டர் சொன்ன அளவும் கிட்டாருக்கு வேண்டிய அளவும் ஒன்றேதானாம். அதிலிருந்து ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பிள்ளை வளர்ப்பு தனக்கு அத்துப்படி என்கிறார். குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். "நான் எந்தக் கிட்டாரையும் கழுத்த மட்டும் புடிச்சுத் தூக்கினதில்லடி, எப்பவும் அடியில ஒரு கை" என்கிறார். அந்தப் பாம்பு வாலைக் கழுவித் தொட்டிலில் கட்டினார், பல் முளைக்க நல்லதாம். நான் அதை எடுத்துப் பட்டன் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன், தினமும் தேடுகிறார், நீ ஒன்றும் தெரியாத மாதிரி இரு.

அங்கே காற்று ரொம்ப வறட்சி என்கிறாய், குழந்தை படுக்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வை, குளிப்பாட்டியதும் எண்ணெய் தடவு. சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு ஸ்பாஞ்சு வைத்து அனுப்பட்டுமா என்று அப்பா கேட்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இருந்தாலும் வந்தால் ஆச்சரியப்படாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ரூபெனின் அம்மா மிளகாய் போட்டுச் சமைப்பதைப் பால் கொடுக்கிற வரைக்கும் பாதியாகத் தின்னு, அதை அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் நீ அனுப்பிய பார்சல் வந்தது. அரிசோனாவிலிருந்து தட்டையாக ஒரு பெட்டி. வெளியே பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. கோட்டு இல்லாமல் தபால் பெட்டிக்குப் போனவர் திரும்பவில்லையே என்று ஜன்னலில் பார்த்தேன். குளிரில் வந்த எதையும் ஒரு நாள் திறக்கக் கூடாது என்கிற மனுஷன், பாம்புக்கே வளைந்து கொடுக்காத மனுஷன், ரோட்டோரம் நனைந்துகொண்டு பேனாக்கத்தியால் உன் பார்சலைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஹேசலின் போட்டோவைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கிட்டார் பார்ப்பாரே அப்படி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். பின்பக்கம் திருப்பி வரிசை நம்பர் இருக்கிறதா என்று பார்த்தார், நீ எழுதியிருந்த பிறந்த தேதி இருந்தது. என்ன சொல்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "விரிசல் இல்ல. ஒட்டு இல்ல. எல்லாம் அசல்" என்றார். கொஞ்சம் கழித்து, "மூக்கு நம்ம லியானாது" என்றார். அப்புறம் பதினைந்தாவதின் பெட்டியில், எலி கடித்து வெல்வெட் போன இடத்தில், அந்தப் போட்டோவை வைத்து மூடினார். அங்கேதான் ஈரம் சரியாக இருக்கிறதாம்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் குழந்தையையும் கண்மணிபோல் காத்து, வரும் வழியெல்லாம் கூடவே வருவாராக. ரூபெனுக்கு என் அன்பைச் சொல். மோட்டலுக்கு இன்றைக்கே போன் போட்டு ரூம் வேண்டாம் என்று சொல்லிவிடு, மறக்காதே. தபால் பெட்டி வரைக்கும் தினமும் ஒருவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காகச் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஆர்டித்

அப்பா இதை மடிக்கும்போது எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: நீங்கள் வந்து இறங்கியதும் குழந்தையை அவர் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டுமாம். ஒரு நாளெல்லாம் காத்திருக்க முடியாதாம்.